வெண்களத்தாரின் சமாதானங்கள்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு வெயில் அடித்தது, இன்னொருவருக்குப் புழுங்கியது. என்னோடு மற்றவர்களும் வேடிக்கை பார்க்க, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்து போய் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குது" என்று ஆரம்பித்தார். கீழ்புத்துப்பட்டு வரைக்கும் ஷட்டர் திறந்திருக்கட்டும், அதற்கப்புறம் மூடிக்கொள்ளலாம் என்று முடிவானது. இரண்டு பேரும் சம்மதித்தார்கள், சிரிக்கக்கூடச் செய்தார்கள். இந்த மும்முரத்தில் அவர் இறங்கவேண்டிய கூனிமேடு தாண்டிப்போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, வந்த வழியே சந்தோஷமாகத் திரும்பி நடந்தார். பஸ் கொஞ்ச தூரம் போனதும், கீழ்புத்துப்பட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று சண்டை வந்தது. கோயில் வளைவிலிருந்தா, பஸ் ஸ்டாப்பிலிருந்தா? இந்த முறை சட்டை கிழிந்தது.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கிழிந்த சட்டைதான். அதை அவர் பார்க்கவில்லை. அவர் செய்துவைத்த சமாதானத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்பதை அவர் எப்போதுமே பார்த்ததில்லை. அதற்குள் அடுத்த சண்டைக்குப் போயிருப்பார்.

தொழில் என்று கேட்டால் உப்பு லாரித் தரகர். உப்பளக் குத்தகைக்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் நடுவில் பேசிமுடிப்பது வேலை. ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஊர்ச் சண்டைகளில். சுனாமி வந்துபோன அந்த 2005-ம் வருடத் தொடக்கத்தில் அவருக்குக் குளிக்கக்கூட நேரமில்லை. யாருக்கு நிவாரணப் படகு, யாருக்கு வலை என்று தெருவுக்கு ஒரு தகராறு. கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிற மாதிரி போட்டுத்தான் உட்காருவார். ஒரு பக்கத்தார் கொடுக்கும் டீயில் பாதியும் மறுபக்கத்தார் டீயில் பாதியும் குடிப்பார். அவர் வீட்டில் மட்டும் இந்த வித்தை செல்லாது. அங்கே இரண்டு பக்கம் கிடையாது. ஒரே பக்கம்தான், அது அவர் மனைவியுடையது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் எங்கள் கம்பெனி ஒரு முந்நூறு வருடப் போரின் வரலாற்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டது.

புதுச்சேரி போகும் வழியில் இரும்பை கிராமத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் அந்தக் கம்பெனி இருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி. மொத்தமே எட்டுப் பேர். படம் வரைகிறவர்கள், புரோகிராம் எழுதுகிறவர்கள், அப்புறம் கதை எழுதுகிற நான். விளையாட்டில் ஒரு மாய உலகம் உண்டு. அதில் இரண்டு கூட்டம். மலை மேல் இருப்பவர்கள் இரும்புமலையார். கடலோரம் உப்பு விளைகிற வெள்ளை நிலத்தில் இருப்பவர்கள் வெண்களத்தார். இரண்டு பேரும் முந்நூறு வருடமாக வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ஏன் சாகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு வேண்டும். இரும்புமலையார் வரலாற்றை பெங்களூரில் யாரோ ரத்தம் சொட்டச் சொட்ட எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெண்களத்தார் வரலாறு என் தலையில் விழுந்தது.

எங்கள் மேனேஜர் மேடம் சென்னைக்காரர். உப்பளத்தைப் போட்டோ எடுக்க மரக்காணம் வந்தபோது தரகரிடம் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கதை கேட்டுவிட்டுப் போனவர். "உங்க ஊர் ஆளுதானே? அவரைப் பிடிங்க. உப்பு, பகை, துரோகம், எல்லாம் அவர் வாயில இருக்கு" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மே மாதம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வருகிறார்கள். விளையாட்டு அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

மூடினால் எனக்கு என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சவூதியில், தம்மாமில் இருக்கும் என் மாமு ஒரு விசா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அம்மா மௌத்தான பிறகு வீட்டில் அத்தா, நான், என் மனைவி ரஹீமா, மூன்று பேர்தான். ரஹீமாவுக்கு அப்போது நாலாவது மாதம். "வேலை நின்னுச்சுன்னா ஃபிளைட் ஏறிடு. நிக்கலைன்னா பாத்துக்கலாம்" என்றார் அத்தா. அன்று சாயங்காலம் ரஹீமா என்னிடம், "அந்த வெண்களத்து ஆளுங்களை நல்லா சண்டை போட வைங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவரைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பளம் வேண்டாம் என்றார். 'வரலாற்று ஆலோசகர்' என்று போட்டு விசிட்டிங் கார்டு மட்டும் அடித்துத் தரச் சொன்னார். அடித்துக் கொடுத்தோம். அதற்கப்புறம் எந்தச் சண்டைக்குப் போனாலும் ஆளுக்கொரு கார்டு, இரண்டு பக்கத்துக்கும் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

"வெண்களத்து ராஜா மலைக்கு ஒரு தூதனை அனுப்புறாரு மாமா. மலைக்காரங்க அவன் தலையை வெட்டி அனுப்பிடுறாங்க. அங்கதான் போர் ஆரம்பிக்குது" என்றேன்.

"ஏன் வெட்டினாங்க?"

"சண்டைக்குத்தான் மாமா."

"சண்டைக்கா? ஏம்பா, ஒரு மனுஷன் அவ்ளோ தூரம் மலையேறி வந்திருக்கான். குடிக்கத் தண்ணி கொடுத்தாங்களா?"

"அதெல்லாம் விளையாட்டுல இல்ல."

"அதான் தப்பு. தண்ணி கொடுத்திருந்தா வெட்ட மனசு வந்திருக்காது. தண்ணி கொடுத்தாங்கன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். டீ ஆறுவதற்குள் தூதன் உயிர் பிழைத்து, மலைக்காரன் வீட்டில் சாப்பிட்டு, இரும்பும் உப்பும் மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் பேசி, கையில் ஒரு கோழியோடு ஊர் திரும்பிவிட்டான். நான் வேறு ஒரு காரணம் சொன்னேன். இளவரசியைக் கடத்திவிட்டார்கள் என்றேன். "கடத்துனவன் சின்னப் பையனா? அவங்கப்பனைக் கூப்பிடு" என்று ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் நிக்காஹ் மாதிரி ஒன்றை நடத்தி முடித்தார். கோட்டையைக் கொளுத்திவிட்டார்கள் என்றேன். கொளுத்தியவர்களே கூரை போட்டுத்தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, போட்டும் கொடுக்க வைத்தார். இரண்டு வாரம் நான் ஒவ்வொரு நாளும் ஒரு போரோடு போவேன், ஒரு சமாதானத்தோடு திரும்புவேன்.

நான் எழுதியதை மேடம் படித்துவிட்டுத் தாளை மேஜையில் போட்டார். "இது வார் கேமா, கல்யாண மண்டபமா? சண்டையே இல்லைன்னா விளையாடுறவன் என்ன பண்ணுவான்? உட்கார்ந்து பந்தி பரிமாறுவானா?"

தரகரை விட்டுவிட்டு நானே சொந்தமாக எழுதிப் பார்த்தேன். பெங்களூர்க்காரர் எழுதிய ரத்தத்தையே வேறு வண்ணத்தில் எழுதியிருந்தேன். மேடம் அதையும் தள்ளிவிட்டார். ஏப்ரல் வந்தது. ரஹீமாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. மாமு போன் செய்து, விசாவுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது என்று அத்தாவிடம் சொன்னார்.

மாதத்தின் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வரும்போது உப்பளத்துப் பக்கம் கூச்சல் கேட்டது. பக்கத்துப் பக்கத்து உப்பளக்காரர்கள் இரண்டு பேர் வாய்க்கால் மடையில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். பாத்திக்கு உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிற வாய்க்கால் அது. இரண்டு பேருக்கும் பொது. போன வருடம் அதில் தகராறு வந்தபோது நம்மவர்தான் தீர்த்து வைத்தார். ஒற்றைப்படைத் தேதியில் ஒருவர் தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும், இரட்டைப்படைத் தேதியில் மற்றவர். இதைவிடச் சரியான பங்கு உலகத்தில் உண்டா? எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். ஆனால் முந்தின நாள் முப்பத்தொன்று. இன்றைக்கு ஒன்று. இரண்டும் ஒற்றைப்படை. ஒற்றைப்படைக்காரர் இரண்டு நாளும் தண்ணீர் எடுத்துவிட்டார், எனக்குத்தானே உரிமை என்கிறார். இரட்டைப்படைக்காரரின் பாத்தி காய்ந்து கிடக்கிறது. முப்பத்தொரு நாள் வருகிற மாதம் முடிந்தாலே இந்த அடிதடி உண்டு என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்தத் தீர்ப்புக்கு முன் வெறும் வாய்ச்சண்டைதான் இருந்ததாம்.

அங்கேயே, சேற்று வரப்பில் நின்றபடி, எனக்கு வெண்களத்தாரின் வரலாறு கிடைத்துவிட்டது. நான் போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் பை நிறைய என்னிடமே இருந்தது. அவர் செய்துவைத்த ஒவ்வொரு சமாதானமும் அடுத்த போருக்குக் காரணம்.

அப்புறம் ஊரில் அவருடைய பழைய தீர்ப்புகளை விசாரித்துக்கொண்டு அலைந்தேன். ஒரு கடையில் இரண்டு பங்காளிகள் ஒருவரை ஒருவர் நம்பாமல் சண்டை போட்டபோது, கதவுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி என்று முடித்து வைத்திருக்கிறார். ஒருவர் கிளியனூருக்கு சாவுக்குப் போன நாளில் கடை திறக்க முடியாமல், மறுநாள் பூட்டை உடைத்து, போலீஸ் வரைக்கும் போயிருக்கிறது. ஒரு கல்யாணத்தில் எந்த ஊர் பண்டாரி பிரியாணி போடுவது என்று பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தகராறு. இரண்டு பண்டாரியும் ஆளுக்கொரு தேக்சா பிரியாணி போடட்டும் என்றிருக்கிறார். போட்டார்கள். எது ருசி என்று பந்தியில் ஆரம்பித்த பேச்சில் இன்றுவரை சம்பந்திகள் முகம் பார்ப்பதில்லை.

ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். வெண்களத்தாருக்கும் இரும்புமலையாருக்கும் நடுவில் ஒரு ஆறு. ஒற்றைப்படைத் தேதியில் ஒருவர், இரட்டைப்படைத் தேதியில் மற்றவர் மடை திறக்க ஒப்பந்தம். மாதக் கடைசியில் முதல் போர். அதற்குச் சமாதானமாக எல்லையில் ஒரு பொதுக்கோட்டை, அதற்கு இரண்டு பூட்டு. வடக்கிலிருந்து வேறொரு படை வந்தபோது ஒரு சாவிக்காரன் ஊரில் இல்லை. கோட்டைக்கு வெளியே நின்று இரண்டு கூட்டத்திலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். யார் சாவி வரவில்லை என்று நூறு வருடப் போர். அதை முடிக்க ஒரு திருமணம், அதில் இரண்டு சமையல். அந்த விருந்தின் முடிவில்தான் தூதனின் தலை விழுகிறது.

மேடம் ஒரே மூச்சில் படித்தார். "இதுல வில்லன் யாரு?"

"யாரும் இல்ல மேடம். எல்லாரும் ஒத்துமையா போகணும்னுதான் நினைக்கிறாங்க."

தாளை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பி, "பயங்கரமா இருக்கு. சூப்பர்" என்றார்.

மே மாதம் வந்தவர்களுக்கும் பிடித்துவிட்டது. கம்பெனி பிழைத்தது. நான் வீட்டுக்குப் போவதற்கு முன் டீக்கடைக்குப் போனேன். அவரிடம் முழு வரலாற்றையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று பயம் இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுகூட விடலியே தம்பி. நான் பண்ண சமாதானம் எல்லாத்தையும் போட்டிருக்க."

"நடுவுல போரும் இருக்குதே மாமா."

"அது அவனுங்க பண்றது. நடுவுல நிறுத்தினது யாரு? நாமதானே?"

எனக்கு வாய் அரித்தது. "நீங்க முடிச்சு வச்சதெல்லாம் மறுபடி சண்டையாவுதேன்னு என்னைக்காவது நினைச்சிருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் யோசிக்கவேயில்லை. "பசிக்குதுன்னு வர்றவனுக்கு சோறு போடுறோம். மறுநாளும் அவனுக்குப் பசிக்குது. அதுக்குன்னு போடாம இருப்பியா?"

அவர் மேல் எனக்கு இருந்த கேலியெல்லாம் அந்த நிமிடத்தில் பாதியாகிவிட்டது.

வேலை நிலைத்துவிட்டது, இனி போக வேண்டியதில்லை என்று நானும் ரஹீமாவும் நினைத்தோம். அத்தா அப்படி நினைக்கவில்லை. மாமு அங்கே கஃபீலிடம், அதாவது விசா தரும் முதலாளியிடம், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விசா, இப்போது வேண்டாம் என்றால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். "வேலை நின்னாத்தான் போவணும்னு சொன்னீங்களே" என்று ரஹீமா அடுப்படியிலிருந்து கேட்டாள். "நிக்கலைன்னா பாத்துக்கலாம்னு சொன்னேன். இப்ப பாக்குறேன்" என்றார் அத்தா. அன்றிலிருந்து அவர் மருமகளோடு பேசவில்லை. அவள் சாப்பாட்டை என் கையில் கொடுத்து அனுப்பினாள். அவர் தட்டை என் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். நான் தட்டு தூக்குகிறவனாக மூன்று வாரம் ஓட்டினேன்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தால், வாசற்படியில் பாதி உள்ளே பாதி வெளியே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. டீக்கடையில் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். ஹாலில் அத்தா, அடுப்படித் திரைக்குப் பின்னால் ரஹீமா. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு விசிட்டிங் கார்டு.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குது" என்று அவர் ஆரம்பித்தார். உலகத்திலேயே அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"பாய், நீங்க கொடுத்த வாக்கு காப்பாத்தணும். அதுவும் நியாயம். ஏம்மா, புள்ளத்தாச்சி பொண்ணு, புருஷன் பக்கத்துல இருக்கணும்னு கேக்குற. அதுவும் நியாயம். தம்பி போவட்டும். ஆனா ஒரே வருஷம். ஒரு வருஷம் முடிஞ்சதும் வந்துடணும். கம்பெனிக்கார அம்மாகிட்ட நான் பேசுறேன், ஒரு வருஷம் லீவு."

மேடத்துக்குப் போன் போட்டு அப்போதே பேசினார். எப்படிப் பேசினாரோ, மேடமும் சரி என்றார். அத்தா எழுந்து வந்து, மூன்று வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாகத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "டீ போடும்மா" என்றார். உள்ளே ரஹீமா அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. வீட்டுக்குள் காற்று வந்தது போல இருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதுதான் கொடுமை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தாவின் முகத்தைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். இத்தனை தீர்ப்புகளை எழுதியவனுக்கு ஒன்று மட்டும் அன்றுதான் உறைத்தது. வாய்க்காலையும் கடைக் கதவையும் யாரும் கருத்துக் கேட்டதில்லை. இந்தச் சமாதானத்தில் நான் ஒரு பக்கமும் இல்லை. நான்தான் வாய்க்கால்.

ஜூன் மாதம் ஃபிளைட் ஏறினேன். ஆகஸ்டில் பெண் பிறந்தாள். கம்பெனி அடுத்த ஜனவரியில் பெங்களூருக்குப் போய்விட்டது, என்னுடைய ஒரு வருட லீவையும் எடுத்துக்கொண்டு.

2006 ஜூன் வந்ததும் வீட்டில் சண்டை தொடங்கியது. ஒரு வருடம் என்று சொன்னாரே தவிர, எப்போதிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. நான் ஃபிளைட் ஏறிய நாளிலிருந்து என்றாள் ரஹீமா. எனக்கு அங்கே தங்க அனுமதிக்கும் இகாமா அட்டை கிடைத்து வேலையில் சேரவே நாலு மாதம் ஆனது, அதிலிருந்து என்றார் அத்தா. கஃபீலின் கணக்கு இரண்டு வருடம், அவரை யாரும் கேட்கவில்லை. மறுபடி தட்டு திரும்பி வந்தது, இந்த முறை தூக்க ஆளில்லாமல். ஆகஸ்ட் முடியும்வரை போனில் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் பேசினார்கள். நான் இரண்டு பேருக்கும் சரி, சரி என்றேன்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ரஹீமா போன் செய்தாள். குரல் தெளிவாக இருந்தது. "அவரு வந்து பேசிட்டாருங்க. எல்லாம் சமாதானமாயிடுச்சு. உங்க அத்தா இப்பதான் டீ குடிச்சாரு."

"என்ன முடிவு?"

"முழுசா ரெண்டு வருஷத்தை முடிச்சுட்டு ஒரேயடியா வந்துடுங்க. அது வரைக்கும் நான் ஆறு மாசம் எங்க அம்மா வீட்டுல, ஆறு மாசம் இங்க. அவருகிட்ட தர்றேன், பேசுங்க."

போன் கை மாறியது. பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது.

"தம்பி, நல்லா இருக்கியா? வீட்டுல ஒரு குறையும் இல்ல."

"யாரு மாமா அழுவுறது?"

"உன் பொண்ணுதான்ப்பா. திரைக்கிட்டேர்ந்து தத்தித் தத்தி நடந்து வந்தா, என் நாற்காலி தடுக்கி விழுந்துட்டா. ஒண்ணுமில்ல, தூக்கிக்கிட்டேன். ஒரு வாரமா நடக்குறாளாமே. உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. இல்லை என்று சொன்னால், ஏன் சொல்லவில்லை என்று அத்தா ரஹீமாவையும் ரஹீமா அத்தாவையும் கேட்பார்கள். அவர் நாற்காலியை விட்டு இன்னும் எழுந்திருக்கவுமில்லை.

"சொன்னாங்க மாமா" என்றேன்.